வானத்துக் கண்கள்

கடலில் பிறக்கும் புயல், மக்கள் வாழாத பெரும்பரப்பின் நடுவே உருவாகிறது. நாள்தோறும் நகர்ந்து வலிமை பெறுகிறது. கரையை நெருங்கிய பின்னரே மக்கள் கண்ணுக்குப் புலனாகிறது. அப்பொழுது தப்பிச் செல்லக் காலம் இராது. இக்குறையைப் போக்க அறிவியலார் வானத்திலேயே கண்களை அமைத்தனர். அக்கண்களே வானிலைச் செயற்கைக்கோள்கள்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், டெக்சாஸ் மாநிலக் கடற்கரையை ஒட்டிய ஒரு தீவில் கால்வெஸ்டன் என்னும் துறைமுக நகரம் உள்ளது. 1900ஆம் ஆண்டில் அங்கு ஏறத்தாழ 38,000 மக்கள் வாழ்ந்தனர். நகரின் மிக உயர்ந்த இடமும் கடல்மட்டத்திற்கு மேல் ஒன்பது அடியை எட்டவில்லை. அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களின் தொடக்கத்தில் ஒரு புயல் கியூபாத் தீவைக் கடந்தது. அது மேற்கு நோக்கிச் செல்லும் எனக் கியூபாவின் வானிலை அறிஞர் கருதினர். வடக்கே திரும்பி ஃபுளோரிடாப் பக்கம் செல்லும் என அமெரிக்க வானிலைத் துறையினர் கருதினர். எவர் கூற்று மெய் என்பதைக் கண்டு சொல்வார் இலர். அந்நாளைய கப்பல்களில் கம்பியில்லாத் தந்தி இல்லாமையால், புயலிற் சிக்கிய மாலுமிகளும் கரைக்குச் செய்தி விடுக்க இயலவில்லை. செப்டம்பர் 8ஆம் நாள் புயல் கால்வெஸ்டனைத் தாக்கியது. பதினைந்து அடிக்கு மேல் பொங்கிய கடல் நகரை மூழ்கடித்தது. மாண்டவர் 6,000 பேருக்குக் குறையார். 8,000 பேர் என்பாரும் உளர்.

அட்லாண்டிக் கடலில் எழும் இத்தகைய கடும்புயலை அமெரிக்கர் 'ஹரிக்கேன்' என்பர். மேற்குப் பசிபிக் கடலில் இதற்கு 'டைபூன்' என்று பெயர். வங்கக் கடலில் தோன்றித் தமிழகக் கரையைத் தாக்கும் புயலும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

வெப்ப மண்டலக் கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும்பொழுது மிகுதியான நீராவி எழுகிறது. அது மேலே சென்று குளிர்ந்து முகிலாகும்பொழுது, தன்னுள் அடங்கியிருந்த வெப்பத்தை வெளிவிடுகிறது. அவ்வெப்பத்தால் காற்று மேலும் உயர்கிறது; கீழே காற்றழுத்தம் குறைகிறது; சுற்றிலும் உள்ள காற்று அவ்விடம் நோக்கி விரைகிறது. நிலவுலகு தன்னைத்தானே சுற்றுவதால், அக்காற்று நேரே செல்லாது வளைந்து சுழல்கிறது. வட கோளத்தில் இச்சுழற்சி இடஞ்சுழியாகவும், தென் கோளத்தில் வலஞ்சுழியாகவும் அமையும். காற்றின் வேகம் மணிக்கு 119 கிலோமீட்டரை எட்டினால் அது ஹரிக்கேன் எனப்படும். முதிர்ந்த புயலின் நடுவே காற்றடங்கிய வட்டம் ஒன்று உண்டு. அதனைப் புயலின் கண் என்பர். கண்ணைச் சூழ்ந்த முகிற்சுவரிலேயே காற்று மிகக் கொடியதாக வீசும்.

1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், அமெரிக்கர் 'டைரோஸ்-1' என்னும் செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தினர். அதன் எடை ஏறத்தாழ 120 கிலோகிராம். அதனுள் இரண்டு தொலைக்காட்சிப் படக்கருவிகள் இருந்தன. நூறு நிமிடத்திற்குள் நிலவுலகை ஒருமுறை சுற்றிவந்த அக்கோள், எழுபத்தெட்டு நாள்கள் பணியாற்றி இருபத்திரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட படங்களை அனுப்பியது. முகில்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்கு ஒழுங்கான சுருள்களாகப் படர்ந்திருத்தலை வானிலை அறிஞர் அப்படங்களிற் கண்டு வியந்தனர்.

மறு ஆண்டே அதன் பயன் விளங்கிற்று. 1961ஆம் ஆண்டு செப்டம்பரில், 'டைரோஸ்-3' அட்லாண்டிக் கடலின் நடுவே ஐயத்திற்குரிய முகிற்கூட்டம் ஒன்றைப் படம் பிடித்தது. அதுவே பின்னர் 'எஸ்தர்' எனப் பெயரிடப்பட்ட புயலாயிற்று. செயற்கைக்கோளால் முதலில் கண்டறியப்பட்ட ஹரிக்கேன் அதுவே. அதே கிழமையில் 'கார்லா' என்னும் மற்றொரு பெரும்புயல் டெக்சாஸ் கரையை நெருங்கியது. விமானங்களும் ராடார் நிலையங்களும் அதனைத் தொடர்ந்து கவனித்தன. டைரோஸும் அதனைப் படம் எடுத்தது. முன்னறிவிப்பைக் கேட்டு மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் கரையை விட்டு அகன்றனர். கார்லா மிக வலியதே எனினும், அமெரிக்காவில் அதனால் மாண்டவர் ஐம்பதின்மரை எட்டவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் கால்வெஸ்டன் மக்களுக்குக் கிட்டாத காலம் இம்மக்களுக்குக் கிட்டியது.

டைரோஸ் போன்ற கோள்கள் ஓரிடத்தின் மேல் விரைந்து கடந்து சென்றுவிடும். புயலோ இடைவிடாது மாறுவது. நிலநடுக்கோட்டிற்கு மேல் ஏறத்தாழ 35,800 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோள், நிலவுலகோடு ஒத்துச் சுழல்வதால், எப்பொழுதும் ஒரே இடத்தின் மேல் நிற்பதுபோல் தோன்றும். விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் வெர்னர் சுவோமி அமைத்த படக்கருவியைத் தாங்கி, 1966ஆம் ஆண்டு 'ஏ.டி.எஸ்.-1' என்னும் கோள் அவ்வுயரத்தை அடைந்தது. முகில்கள் நகர்வதையும் வளர்வதையும் தொடர்ந்து காண அதனால் இயன்றது. 1975ஆம் ஆண்டு முதல் 'கோஸ்' என்னும் கோள் வரிசை இப்பணியை ஏற்றது. இவ்வரிசையின் புதிய கோள்கள் புயல் ஒன்றை ஒரு நிமிடத்திற்கு ஒருமுறை படம் எடுக்கவல்லன.

இரவில் கதிரவன் ஒளி இல்லையே, அப்பொழுது இக்கண்கள் எங்ஙனம் காணும்? எல்லாப் பொருள்களும் தம் வெப்பத்திற்கேற்ப அகச்சிவப்புக் கதிர்களை வெளிவிடுகின்றன. உயரத்திலுள்ள முகிலின் முடி மிகக் குளிர்ந்தது. தாழ்ந்த முகிலும் கடலும் அதனினும் வெப்பமானவை. இவ்வேறுபாட்டை அளந்து, கோள் இருளிலும் படம் தருகிறது. கண்ணுக்குத் தெரியாத நீராவியை மற்றொரு வகை அகச்சிவப்புக் கதிர் காட்டுகிறது. நுண்ணலைக் கருவிகளோ முகிலை ஊடுருவி உள்ளே பெய்யும் மழையைக் காட்டுகின்றன. செய்திகளிற் காணும் புயற்படங்களின் செந்நிறமும் மஞ்சளும் புயலின் இயற்கை நிறங்கள் அல்ல. அளந்த எண்களை எளிதில் உணர்வதற்காகக் கணிப்பொறி தீட்டிய நிறங்களே அவை.

படத்தைக் கொண்டு காற்றின் வலிமையை மதிப்பிடும் முறையொன்றை வெர்னன் துவோராக் என்பார் 1970களில் வகுத்தார். முகிற்சுருளின் வடிவையும், வெப்பமான கண்ணுக்கும் அதனைச் சூழ்ந்த குளிர்ந்த முகிலுக்கும் உள்ள வேறுபாட்டையும் நோக்கி, வலிமையைக் கணிப்பது அம்முறை. விமானம் செல்லாத கடல்களில் அது பெரிதும் துணையாயிற்று.

எனினும் காண்பது ஒன்று. வருவதை உரைப்பது மற்றொன்று. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் 'ஓட்டிஸ்' என்னும் புயல், மெக்சிகோவின் அகபுல்கோ நகருக்கு அப்பால் ஒரே நாளில் எளிய புயல் நிலையினின்று மிகக் கொடிய நிலைக்கு வளர்ந்தது. செயற்கைக்கோள்கள் அதனைக் கண்டுகொண்டே இருந்தன. ஆனால், அது இவ்வளவு விரைவில் வலுக்கும் என முன்னாள் கணிப்புகள் கூறவில்லை. ஆதலின் நகர மக்கள் ஆயத்தம் செய்யப் போதிய காலம் பெற்றிலர். கடலடியில் தேங்கிய வெப்பமும், புயலின் உள்ளே நிகழும் மாற்றங்களும் மேலிருந்து எளிதிற் புலப்படா. ஆகவே புயலின் உள்ளே பறக்கும் விமானங்களும், கடலில் மிதக்கும் அளவைக் கருவிகளும் இன்றும் இன்றியமையாதன.

புயலைத் தடுக்கும் ஆற்றல் மனிதனுக்கு இல்லை. அதன் வரவை முன்னறிந்து விலகும் ஆற்றலையே அவன் தேடிக்கொண்டான். வானத்துக் கண்கள் கண்டதை அறிஞர் ஆய்ந்து அறிவிக்க, அவ்வறிவிப்பை மக்கள் மதித்து நடக்கும்பொழுதே அக்காட்சி உயிர் காக்கும் துணையாகிறது.