நீரிழிவும் குறிப்புக் கொப்பியும்

"உடம்பை முறித்து உழைப்பவருக்குச் சீனி வருத்தம் வராது, அது நாற்காலியில் அமர்ந்திருப்போரின் நோய்" என்று எண்ணுவோர் மலையகத் தோட்டங்களில் இன்றும் உளர். நோட்டன் பிரிட்ஜைச் சூழ்ந்துள்ள தேயிலை மலைகளில் கூடையைச் சுமந்து ஏறியிறங்கும் தாய்மாரைக் காண்போருக்கு அவ்வெண்ணம் இயல்பாகவே தோன்றும். ஆனால் உண்மை அவ்வளவு எளிதன்று. இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடத்தப்பெற்ற ஆய்வொன்று, இருபது வயதைக் கடந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேற்பட்டோர் நீரிழிவுடையோர் என்று கண்டது. நகர்ப்புறத்தில் நூற்றுக்கு 16.4, கிராமப்புறத்திலும் 8.7. இவற்றினும் கவலைக்குரிய செய்தி ஒன்று உண்டு. நோயுற்றோருள் மூன்றிலொரு பங்கினருக்கு மேற்பட்டோர், தமக்கு அந்நோய் இருப்பதையே அந்த ஆய்வின்போதுதான் முதன்முதலாக அறிந்தனர்.

நீரிழிவில் வகைகள் பல. அவற்றுள் பெரும்பாலோரைப் பற்றுவது இரண்டாம் வகை. உண்ட உணவிலுள்ள மாப்பொருள் குளுக்கோசு என்னும் சீனியாக மாறி இரத்தத்திற் கலக்கின்றது. அச்சீனி தசைகளுக்குள் நுழையக் கதவைத் திறந்துவிடுவது, கணையம் சுரக்கும் இன்சுலின். இரண்டாம் வகை நோயில் அந்தக் கதவு இறுகிவிடுகின்றது. காலப்போக்கில் கணையமும் களைத்துப்போகின்றது. உள்ளே செல்ல இயலாத சீனி இரத்தத்திலேயே தேங்கி, கண், சிறுநீரகம், நரம்பு, இருதயம் ஆகியவற்றை ஓசையின்றி அரிக்கின்றது. வலியில்லாமல் வளரும் நோயாதலின், அதனை உணர்வால் அறிய இயலாது. அளந்தே அறிதல் வேண்டும்.

உழைப்பவரை இந்நோய் எவ்வாறு அணுகுகின்றது? தோட்டத்து உணவை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். காலையிற் கோதுமை மா ரொட்டியும் சம்பலும், பகலில் மீண்டும் ரொட்டி அல்லது சோறு, இரவிலும் சோறு. மாப்பொருள் மிகுதி, மரக்கறியும் பருப்பும் குறைவு. இடையிடையே சாயத்தண்ணீர். ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டிச் சீனி என்றால், ஐந்து கோப்பைக்குப் பத்துத் தேக்கரண்டி. ஏறத்தாழ நாற்பது கிராம். நாளொன்றுக்கு இருபத்தைந்து கிராமுக்குள் அடங்குவது நன்று என்பது 2015ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிவுரையின் சாரம். கொழுந்து பறிக்குங் காலத்தில் மலையேற்றம் அந்த உணவில் ஒரு பகுதியைச் செலவிட்டுவிடும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் மலை விலகிவிடுகின்றது. தட்டு மட்டும் பழைய அளவிலேயே இருக்கின்றது.

வாழ்க்கைமுறையை மாற்றினால் பயன் உண்டா என்னும் வினாவுக்குத் தமிழ்நாட்டிலிருந்தே தக்க விடை கிடைத்துள்ளது. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006ஆம் ஆண்டில் வெளிவந்தன. நோயின் வாயிலில் நின்ற 531 பேர் அதிற் சேர்க்கப்பட்டனர். வழக்கமான முறையில் விடப்பட்டவருள் மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவைத் திருத்தி, நாள்தோறும் அரைமணி நேரம் நடந்தவருள் அவ்வெண்ணிக்கை 39 அளவில் நின்றது. மெற்போமின் மாத்திரை உட்கொண்டோர் பெற்ற பயனும் ஏறத்தாழ இதுவே. குறிப்பிடத்தக்கது என்னவெனில், உடல் எடை பெரிதாகக் குறையாமலே இந்த நன்மை விளைந்தது. எனவே, "மெலிந்த உடம்புதானே, எனக்கென்ன மாற்றம் வேண்டும்?" என்று மலைநாட்டவர் வாளாவிருத்தல் தகாது. உடலுழைப்பை முன்னரே உடையவர் அதனைத் தொடர்ந்தாற் போதும் என்றே அவ்வாய்விற் கூறப்பட்டது. அத்தகையோருக்கு மாற்றவேண்டியது பெரும்பாலும் உணவே.

நோய் வந்துவிட்டவருக்கும் நம்பிக்கை உண்டு. பிரித்தானியாவில் 306 பேரைக் கொண்டு நடத்தி 2017ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், மருத்துவக் கண்காணிப்புடன் உணவை வெகுவாகக் குறைத்து எடையிழந்த குழுவினருள் ஏறத்தாழப் பாதிப்பேர், ஓராண்டு முடிவில் மருந்தின்றியே நோயெல்லைக்குக் கீழான சீனி அளவைப் பெற்றிருந்தனர். அவர்கள் நோயைக் கண்டறிந்து ஆறாண்டுகளுக்கு உட்பட்டவர்கள், எடை மிகுந்தவர்கள். எல்லோருக்கும் அதுபோல் நிகழும் என்று கூறவியலாது. ஆயினும், சீனி ஏறுவதற்கு மட்டுமே வழியுண்டு, இறங்குவதற்கு வழியில்லை என்னும் பழைய எண்ணம் இதனால் நீங்கிற்று.

இனி, இறங்குகின்றதா என்பதை எவ்வாறு அறிவது? இங்கேதான் பலர் தவறுகின்றனர். இதனை விளங்கிக்கொள்ள நோட்டன் பிரிட்ஜ் நேயர்கள் தொலைவிற்குச் செல்லவேண்டியதில்லை. அவ்வூரில் கெசல்கமுவ ஓயாவை மறித்து நிற்கும் விமலசுரேந்திர நீர்த்தேக்கம் சிறியது. பெருமழை பெய்தால் சில மணி நேரத்தில் நிரம்பி வான் பாயும். மின்நிலையத்திற்கு நீர் திறந்தால் மட்டம் இறங்கும். அதே ஆற்றின் மேற்பகுதியில், 1965ஆம் ஆண்டில் அமைந்த காசல்ரீ நீர்த்தேக்கம் மிகப் பெரியது. ஒரு நாள் மழையால் அதன் மட்டம் பெரிதும் மாறுவதில்லை. பல மாதங்களில் பெய்த மழையின் கணக்கை அது காட்டும்.

விரல் நுனியிற் குத்திப் பார்க்கும் சோதனை சிறிய நீர்த்தேக்கத்தின் மட்டம் போன்றது. அந்த நேரத்து நிலையை அது கூறும், அவ்வளவே. முன்னாள் இரவு உண்டது, காலையில் நடந்தது, காய்ச்சல், உறக்கமின்மை, மனக்கவலை ஆகிய யாவும் அதனை ஏற்றியிறக்கும். எச்.பி.ஏ.1சி. என்னும் சோதனை பெரிய நீர்த்தேக்கத்தை ஒத்தது. இரத்தத்தின் செங்குழியங்களிலுள்ள ஈமோகுளோபினில் சீனி சிறிது சிறிதாக ஒட்டிக்கொள்கின்றது. ஒரு செங்குழியம் ஏறத்தாழ நூற்றிருபது நாள் வாழும். ஆகவே, ஒட்டியுள்ள சீனியின் பங்கை அளந்தால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி தெரியவரும். அந்த அளவு 7 வீதமானால், சராசரிச் சீனி ஒரு தெசிலீற்றருக்கு 154 மில்லிகிராம். 8 வீதமானால் 183. 9 வீதமானால் 212.

எண்களின் எல்லைகளையும் நேயர்கள் அறிந்திருத்தல் நலம். எட்டு மணி நேரமாயினும் உண்ணாதிருந்து பார்க்கும் சோதனையில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும், எச்.பி.ஏ.1சி. சோதனையில் 6.5 வீதமும் அதற்கு மேலும் நீரிழிவின் அடையாளம். நோய்க்குறி ஏதும் இல்லாதபோது, மற்றொரு சோதனையாலும் அதனை உறுதி செய்வர். நோயுற்ற பலருக்கு வைத்தியர் வைக்கும் இலக்கு, வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை, உணவுக்குப்பின் 180க்குக் கீழ், எச்.பி.ஏ.1சி. 7 வீதத்திற்குக் கீழ். முதியோருக்கும் பிற நோயுடையோருக்கும் இலக்கு வேறுபடும். சில ஆய்வுகூடங்கள் மில்லிமோல் என்னும் அலகில் எழுதித் தருகின்றன. அதனைப் பதினெட்டால் பெருக்கினால் மில்லிகிராம் கணக்கு வரும். ஒருமுறை 7 என்றும் மறுமுறை 126 என்றும் கண்டு அஞ்சவேண்டுவதில்லை, இரண்டும் ஒன்றே.

இந்த எண்களைத் தாள்துண்டுகளாக அலுமாரி இடுக்கில் செருகி வைப்பதால் பயனில்லை. பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் கொப்பி ஒன்று போதும். நாள், நேரம், உணவுக்கு முன்னா பின்னா, சீனி அளவு, அன்று நடந்த நேரம், உணவில் செய்த மாற்றம், உடல்நலக் குறைவு ஏதேனும் இருந்ததா என்பவற்றை ஒவ்வொரு வரியில் எழுதிவருதல் வேண்டும். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளி செல்லும் பேரப்பிள்ளை எழுதித் தரலாம்.

ஓர் உதாரணம் கொண்டு இதனை விளக்கலாம். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாய் ஒருவரைக் கற்பனை செய்துகொள்க. அவருடைய எச்.பி.ஏ.1சி. 8.4 வீதம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முனையாமல், முதல் மாதத்தில் தேநீரின் சீனியை மட்டும் அவர் விட்டார். இரண்டாம் மாதத்தில் இரவு உணவுத் தட்டின் பாதியைப் போஞ்சி, கோவா, கீரை முதலியவற்றால் நிரப்பி, சோற்றைக் கால் பங்காக்கி, எஞ்சிய கால் பங்கிற்குப் பருப்பும் கடலையும் சேர்த்தார். மூன்றாம் மாதத்தில் இரவு உணவுக்குப்பின் லயத்து முற்றத்தில் பதினைந்து நிமிடம் நடந்தார். கிழமைக்கு இருமுறை உணவுக்கு முன்னும், இரண்டு மணி நேரத்திற்குப் பின்னும் சீனி பார்க்கப்பட்டது. முதலில் அவ்விரண்டிற்கும் இடையே 90 ஏறியது. பின்னர் 50 மட்டுமே ஏறியது. மூன்று மாத முடிவில் எச்.பி.ஏ.1சி. 7.5. எந்த மாற்றம் எவ்வளவு பயன் தந்தது என்பதைக் கொப்பி அவருக்குக் காட்டிற்று. சீனிக்குப் பதிலாகக் கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் அருந்திய கிழமையில் அளவு மீண்டும் ஏறியதையும் அதுவே காட்டிக்கொடுத்தது. கருப்பட்டியும் சீனியே என்பதை அறிவுரையைக் காட்டிலும் அந்த ஒரு வரி நன்கு உணர்த்தும்.

அளக்கும்போது கவனிக்கவேண்டியவை சில உண்டு. கையிற் பழச்சாறோ சீனியோ ஒட்டியிருந்தால் கருவி பொய்யாக உயர்ந்த அளவைக் காட்டும். ஆதலாற் கையைக் கழுவி உலர்த்துதல் அவசியம். மலைநாட்டுக் காலைக் குளிரில் விரல் விறைத்திருந்தால் இரத்தம் எளிதில் வராது. இளஞ்சூடான நீரிற் கழுவினால் வரும். வீட்டுக் கருவிகளில் நூற்றுக்குப் பதினைந்து வரை வேறுபாடு இருத்தல் கூடும். ஆகவே 150 என்பது மறுநாள் 140 ஆனால் அது வெற்றியுமன்று. 160 ஆனால் தோல்வியுமன்று. பல வாரங்களின் போக்கே பொருளுடையது. மற்றொன்று, இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தச்சோகை. அஃதுடையோருக்கு எச்.பி.ஏ.1சி. உண்மையினும் சற்று உயர்ந்து காட்டலாம். ஆதலால் இரத்தச்சோகை உடைய பெண்கள் அதனை வைத்தியரிடம் சொல்லுதல் வேண்டும்.

சீனி குறைந்த பின்னர்தான் பெரிய ஆபத்துத் தொடங்குகின்றது. "மருந்தை ஏனம்மா நிறுத்தினீர்கள்?" என்று வைத்தியர் வினவினால், "சீனிதான் எறங்கிப்போச்சுங்களே, ஐயா" என்று கூறும் தாய்மார் பலர். இறக்கியது உணவும் நடையும் மட்டுமல்ல. மருந்தும் சேர்ந்தே இறக்கியது. மருந்தைக் குறைக்கலாமா என்பதைக் கொப்பியைப் பார்த்து வைத்தியரே முடிவு செய்தல் வேண்டும். பாகற்காய்ச் சாறும் பச்சிலையும் மருந்துக்கு ஈடாகா. இன்சுலினும், கணையத்தைத் தூண்டும் சில மாத்திரைகளும் எடுப்போர் உணவைத் திடீரெனக் குறைத்தால், சீனி 70க்குக் கீழிறங்கி வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் தோன்றலாம். அப்பொழுது மூன்று நான்கு தேக்கரண்டிச் சீனியை நீரிற் கரைத்து உடனே அருந்துதல் வேண்டும். ஆகவே, உணவை மாற்றத் தொடங்குமுன் வைத்தியரிடம் கூறிவிடுதல் கடமையாகும்.

கால்களைப் பற்றியும் ஒரு சொல். நீண்டகாலம் சீனி மிகுந்திருந்தவருக்குப் பாத உணர்வு மங்கும். தேயிலை மலையில் அட்டை கடித்த புண்ணும், கட்டை குத்திய காயமும் அவருக்குத் தெரியாமலே சீழ்பிடிக்கலாம். மலையிலிருந்து திரும்பியதும் கால்களைக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, விளக்கொளியில் உள்ளங்காலைப் பார்த்தல் வேண்டும். குனிய இயலாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். கொப்பியில் இதற்கும் ஒரு கட்டம் இருக்கட்டும். கால் ஒன்றை இழந்தவருக்கு மலையும் இல்லை, மலை தரும் கூலியும் இல்லை.

சோதனைக்குச் செல்லும் நாளில் ஒரு நாட் பேர் போய்விடும் என்று தொழிலாளர் தயங்குவது இயல்பு. நாட்கூலியை நம்பி வாழும் குடும்பத்திற்கு அது சிறிய இழப்பன்று. ஆயினும் எச்.பி.ஏ.1சி. சோதனைக்குப் பட்டினி கிடக்கவேண்டியதில்லை. எந்நேரமும் இரத்தம் கொடுக்கலாம். சீனி கட்டுக்குள் வரும்வரை மூன்று மாதத்திற்கு ஒருமுறையும், வந்தபின் ஆறு மாதத்திற்கு ஒருமுறையும் அது போதுமானது. ஆண்டில் இரண்டு அல்லது நான்கு நாட்கள் என்று முன்னரே குறித்து வைத்தால், ஏனைய நாட்களின் உழைப்பை அவை காக்கும். கண்ணையும் சிறுநீரகத்தையும் ஆண்டுக்கொருமுறை பார்ப்பதையும் அந்நாட்களிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

அணைக்கட்டில் பணிபுரிவோர் மழை பெய்தாலும் வெயில் எறித்தாலும் நீர்மட்டத்தை அளந்து எழுதத் தவறுவதில்லை. வெள்ளம் வந்தபின் அளப்பதால் பயனில்லை என்பதை அவர்கள் அறிவர். நீரிழிவுடையாரும் அவ்வாறே செய்தல் வேண்டும். இன்றிரவு தேநீரில் ஒரு கரண்டிச் சீனியைக் குறைத்து, கொப்பியின் முதல் வரியை எழுதுவது எவர்க்கும் இயல்வதே.