தொட்டிலும் மாடி வீடும்

2009 செப்டம்பர் 30ஆம் நாள் சுமத்திராவின் பாடாங் நகருக்கு அருகே 7.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. கோலாலம்பூரில் உயர்ந்த கட்டடங்கள் ஆடின. பலர் படியிறங்கி வெளியே வந்துவிட்டனர். "வீடே ஆடுதும்மா" என்று அங்கிருந்து மகள் தொலைபேசியில் அழ, நெகிரி செம்பிலான் தோட்டத்திலிருந்த தாய், "இங்கே ஒன்றுமில்லையே, கனவு கண்டாயா?" என்று கேட்டாராம். இருவருமே பொய் சொல்லவில்லை.

காரணத்தை அறிய நம் வீட்டு ஸ்பிரிங் தொட்டிலே போதும். குழந்தையைக் கிடத்தியதும் ஸ்பிரிங் 25 சென்டிமீட்டர் நீள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 0.25 மீட்டர். அதை 9.8ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 6.28ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1 வரும். தொட்டில் ஒருமுறை இறங்கி ஏற ஒரு விநாடி ஆகும். இதுவே அதன் இயல்பு அலைவு நேரம். குழந்தை கனத்தால் இந்த நேரம் கூடும். தாய்மாரின் கைக்கு இது கணக்கில்லாமலே தெரியும்.

நாம் இழுக்க இழுக்க அது எவ்வளவு ஆடும்? விநாடியை நூறு கூறாக்கி, ஒவ்வொரு கூறிலும் விசை, வேகம், இடம் என்று காகிதத்தில் போட்டால் கை ஓய்ந்துவிடும். கணினியிடம் விடலாம். ஜான் ஈட்டன் என்பவர் 1992இல் எழுதத் தொடங்கிய ஆக்டேவ் என்னும் நிரல் இலவசமாகவே கிடைக்கிறது. வெறும் திரையில் ஒரு வரிக் கட்டளையைத் தட்டினால், அடுத்த வரியில் விடை. எடை, ஸ்பிரிங்கின் விறைப்பு, ஆட்டத்தை அடக்கும் தடை, இழுக்கும் விசை ஆகிய நான்கையும் நாம்தான் கொடுக்கவேண்டும். என் மாணவன் ஒருவன் தடையை மறந்துவிட்டான். அவன் தொட்டில் கூரையையும் தாண்டிப் போய்விட்டது!

தடையை நூற்றுக்கு ஐந்து என்று கொடுத்துப் பார்ப்போம். நிலையாக இழுத்துப் பிடித்தால் 1 சென்டிமீட்டர் மட்டுமே இறக்கும் சிறு விசை, விநாடிக்கு ஒருமுறை மேலும் கீழுமாகச் செயல்பட்டால், போகப்போகத் தொட்டிலை 10 சென்டிமீட்டர் ஆட்டுகிறது. அதே விசை விநாடிக்கு இருமுறை என்றால், சென்டிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். பலத்தைவிட நேரம் ஒத்துப்போவதே பெரிது.

இனி, கட்டடத்தைத் தொட்டிலாகவும் நிலத்தை ஆட்டும் கையாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். தொலைவில் எழும் நில அலைகளில் விரைவான அதிர்வுகள் வழியிலேயே அடங்கிவிடும். மெதுவானவையே இங்கு வந்து சேரும். இருபது மாடிக் கட்டடம் ஒருமுறை சாய்ந்து திரும்பச் சுமார் 2 விநாடி பிடிக்கும். நிலத்தின் மெதுவான ஆட்டம் அதனோடு ஒத்துப்போகிறது. லயத்து வீட்டுக்கோ விநாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். ஆகவே அது தனியாக ஆடாமல், நிலத்தோடு சேர்ந்தே சிறிது நகர்ந்து வந்துவிடுகிறது. உள்ளே அடுப்பருகே நின்ற அந்தத் தாய்க்கு அது தெரியவில்லை.