நோய் நீங்கிய பின்னும் நிற்கும் அச்சம்

ஆஸ்திரேலிய நாட்டுப் பிரிஸ்பேன் நகரத்தில் வாழும் எம் பழைய மாணாக்கர் ஒருவர் சென்ற மார்கழித் திங்களில் எமக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் இளமையில் மடத்துப் பாடசாலையில் எம்மிடம் நன்னூலும் சித்தியார் அளவை இயலும் பாடங்கேட்டவர். பின்னர்ப் பொறியியல் கற்று அந்நாடு சென்றவர். இப்பொழுது ஐம்பதை அணுகியவர். அவருடைய இடது உள்ளங்காலில், குதிகாலுக்கு அருகே, ஒரு கரும்புள்ளி சில திங்களாக அகன்று வந்தது. மருத்துவர் அதனை அறுத்தெடுத்துச் சோதனைக்கு விடுத்தார். அது மெலனோமா என்னும் தோற்புற்று என்றும், அதன் ஆழம் 0.4 மில்லிமீட்டரே என்றும், மேற்புறம் புண்ணாகவில்லை என்றும் முடிவு வந்தது. சுற்றிலும் 1 சென்டிமீட்டர் அளவு நல்ல தோலையும் சேர்த்து மறுமுறை அறுத்து நீக்கினர். 'இனி வேறு சிகிச்சை வேண்டா. குறித்த நாளில் வந்து காட்டுக' என்று அனுப்பிவிட்டனர்.

அவர் எழுதியதாவது: "மருத்துவர் விட்டார், ஐயா, அச்சம் விடவில்லை. இரவிற் கை தானே தொடையிடுக்கிற்குச் சென்று நெறி கட்டியிருக்கின்றதா என்று தடவுகின்றது. தலை வலித்தால் மூளைக்குச் சென்றதோ என்கின்றேன். இருமினால் நுரையீரலோ என்கின்றேன். சைவனாய்ப் பிறந்தும் இங்ஙனம் அஞ்சுவது பத்திக் குறைவென்று இங்குள்ள அன்பர் ஒருவர் சொன்னார். அச்சொல் அறுத்த புண்ணினும் வலிக்கின்றது."

இக்கடிதத்திற்கு யாம் எழுதிய விடையினை, அவர் இசைவு பெற்று, சிறிது விரித்து ஈண்டு எழுதுகின்றாம். இத்தகைய அச்சமுடையார் அவர் ஒருவரே அல்லர்.

முதற்கண் நோயின் இயல்பு அறியற்பாலது. தோலுக்கு நிறந்தரும் கருநிறப் பொருளை ஆக்கும் உயிரணுக்கள் மேற்றோலின் அடிப்பகுதியில் உள்ளன. அவை நெறி தவறிப் பெருகுவதே மெலனோமா. வெண்ணிறத்தார் கடு வெயிலில் வாழும் ஆஸ்திரேலியாவில் இந்நோய் மிகுதி. கருநிறத்தார்க்கு இது அரிதே ஆயினும், வருங்கால் உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி ஆகிய வெயில் படாத இடங்களிலே தோன்றுதல் பெரும்பான்மை. அவ்விடங்களை எவரும் நோக்காமையால் காலந்தாழ்ந்தே கண்டுபிடிக்கப்படுகின்றது. எனவே நம்மனோர் தம் உள்ளங்காலை நோக்கி வைத்தல் நன்று. ஆயினும் கருநிறத்தார் பலர்க்கு நகங்களிற் கருங்கோடுகளும் உள்ளங்காலிற் புள்ளிகளும் இயல்பாகவே இருக்கும்; அவையெல்லாம் நோய் அல்ல. புதிதாய்த் தோன்றி மாறி வருவதும், ஒரு நகத்தில் மட்டும் அகன்று வருவதும், ஒரு புள்ளியில் பல நிறங்கள் கலந்து ஓரம் ஒழுங்கற்றிருப்பதும் காட்டற்குரியன.

இந்நோய் பரவும் வழி ஆழத்தைப் பொறுத்தது. மேற்றோலில் இரத்தக் குழாயும் நிணநீர்க் குழாயும் இல்லை; அவை உட்டோலில் உள்ளன. புற்று மேற்றோலளவில் நின்றதாயின் அதற்குச் செல்லும் வழியே இல்லை. உட்டோலுள் இறங்குந்தோறும் வழி பெருகும். அலெக்ஸாண்டர் பிரெஸ்லோ என்னும் அமெரிக்க நோய்க்குறியியலார் 1970-ஆம் ஆண்டில், புற்றின் பரப்பைக் காட்டிலும் அதன் தடிப்பே வருங்காலத்தை உரைப்பது என்று காட்டினார். இன்றுவரை அவ்வளவே முதன்மையாகக் கொள்ளப்படுகின்றது. எம் மாணாக்கரின் காகிதத்தில் 0.4 என்றிருந்ததன் பொருள் இதுவே. புற்றின் படிநிலைகளை வகுக்கும் அமெரிக்கக் கூட்டுக் குழுவின் எட்டாம் பதிப்புக் கணக்கின்படி, இத்தகைய முதற்படி நோயாளர் 100 பேரில், ஐந்தாண்டிற்குள் இந்நோயால் இறவாதார் 99 பேர். பத்தாண்டிற்கு 98 பேர். இக்கணக்கு எவ்விடத்து மெலனோமாவையும் ஒருங்கு சேர்த்து எண்ணியது. உள்ளங்காலுக்கென்றே எண்ணினால் சிறிது குறையவும் கூடும். அதனை மறைத்தல் முறையன்று. ஆயினும் மெல்லியது மெல்லியதே.

'மெலனோமா' என்னும் பெயரைக் கேட்ட அளவில் நடுங்குதற்கு ஒரு காரணம் உண்டு. இந்நோயைப் பற்றிய பழைய எழுத்துக்களெல்லாம் முற்றிய நோயைப் பற்றியன. இதயவொலி கேட்கும் கருவியைக் கண்ட பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் 1804-இல் பாரிஸ் நகரத்தில் இதனைத் தனி நோயென விளக்கியபொழுது அவர் கண்டவை இறந்தார் உடம்புகளே. ஜமைக்கா நாட்டு இசைவாணர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் 1977-இற் காணப்பட்ட இந்நோய் பரவி, அவர் 1981-இல் 36 வயதிற் காலமானார். எம் மாணாக்கர் இவ்வரலாற்றை நள்ளிரவிற் கைப்பேசியிற் படித்துவிட்டுத் தம் காலை நோக்கி அழுதாராம். பெயர் ஒன்றாதலால் நோயும் ஒன்றென்று கொள்ளுதல் பிழை. அன்றியும், பரவிய மெலனோமாவிற்குக்கூட, உடம்பின் காவலாற்றலை எழுப்பும் மருந்து 2011 முதல் வழக்கிற்கு வந்தது. அத்துறைக்கு வழிகோலிய ஜேம்ஸ் அல்லிஸன், டசுகு ஹோஞ்சோ என்னும் இருவர் 2018-இல் நோபெல் பரிசு பெற்றனர். மார்லியின் காலத்தில் அவை இல்லை.

அற்றேல், 100-இல் 99 பேர் பிழைப்பர் என்று அறிந்த பின்னும் அச்சம் ஏன் நீங்கவில்லை எனின், கூறுதும்.

அச்சங்கொண்ட மனம் அந்த 99-இல் வாழ்வதில்லை. எஞ்சிய ஒன்றிலே குடியேறிவிடுகின்றது. 'அவ்வொருவன் நானாயின்?' என்னும் வினாவிற்கு எந்த எண்ணும் விடையாகாது. எண் கூட்டத்தைப் பற்றியது. வினா ஒருவனைப் பற்றியது. மெல்லிய மெலனோமாவும் சிறுபான்மை பத்தாண்டு கழித்துத் தலைகாட்டியதுண்டு. ஆதலின் 'வரவே வராது' என்று எந்த மருத்துவரும் ஆணையிட்டுச் சொல்லார். அவ்வாணையைப் பெற்றாலன்றி உறங்கேன் என்று மனம் அடம் பிடிக்கின்றது.

அளவை நூல் கற்றார்க்கு இதனை விளக்குதல் எளிது. அந்தி மயக்கில் நிற்பதொன்றைக் கண்டு 'குற்றியோ மகனோ' என்பது ஐயக்காட்சி. அருகிற் சென்றாலும் விளக்கு ஏந்தினாலும் அது தீரும். ஏனெனில் பொருள் அங்கே நிற்கின்றது. 'பரவுமோ' என்பதும் ஐயம் போலவே தோன்றுகின்றது. ஆயினும் அது ஐயக்காட்சி அன்று. காணற்குரிய பொருள் இப்பொழுது இல்லை, அது வருங்காலத்தது. இல்லாத பொருளை எத்துணை அருகிற் சென்று நோக்கினும், எத்துணை விளக்கேற்றினும் தெளிவு பிறவாது. ஆயினும் மனம் ஐயத்திற்குரிய மருந்தையே இதற்கும் இடுகின்றது. தடவிப் பார்க்கின்றது, மனைவியைத் தடவிப் பார்க்கச் சொல்கின்றது, கைப்பேசியில் தேடுகின்றது, ஸ்கேன் எடுக்க வேண்டுகின்றது. ஒவ்வொரு முறையும் சிறிது ஆறுதல் உண்டாகும். ஒரு நாழிகைக்குள் அது வற்றிவிடும். வட்டிக்கு வாங்கிப் பழங்கடனை அடைப்பான் போல அடுத்த முறை இன்னும் மிகுதியாகத் தேட வேண்டியதாகின்றது. அழுத்தி அழுத்திப் பார்த்த இடம் தானே வீங்கி நோவதும் உண்டு. அந்நோவே புதிய சான்றாகிவிடும்!

ஆகவே ஒன்றாய்த் தோன்றும் வினாவை இரண்டாகப் பிரித்தல் வேண்டும். 'இப்பொழுது ஏதேனும் உளதா?' என்பது ஒன்று, 'இனி வருமா?' என்பது மற்றொன்று. முன்னது காட்சிக்கு உரியது. அதற்குப் பயின்ற கையும் குறித்த நாளும் உண்டு. பின்னது காட்சிக்கு உரியதன்று. அதனைக் காட்சியால் தீர்க்க முயலுதலே துன்பம்.

முன்னதற்கு ஆவன: ஆறு திங்களுக்கு ஒருமுறையோ ஆண்டிற்கு ஒருமுறையோ, மருத்துவர் குறித்தபடி தோலையும் தழும்பையும் நிணக்கணுக்களையும் காட்டுதல், திங்களுக்கு ஒருநாள், ஒருநாளே, நல்ல வெளிச்சத்தில் தலை முதல் உள்ளங்கால் வரை, விரலிடுக்கும் நகமும் உட்படத் தாமே நோக்குதல், முதுகை மனையாள் நோக்குதல். ஒரு முறை மெலனோமா வந்தார்க்கு வேறிடத்திற் புதிதாய் ஒன்று தோன்றும் வாய்ப்பு ஏனையோரினும் மிகுதி ஆதலின் இந்நோக்கம் வீணன்று. அந்நாளுக்கு இடையில் புதிதாய் ஒரு கட்டியோ, புள்ளியின் மாற்றமோ, விடாது மிகுந்துவரும் வலியோ காணின் காத்திராது சொல்லுக. வந்து போகும் தலைவலி வந்து போகும் தலைவலியே. தொல்லை ஒன்றுமில்லாத முதற்படியினர்க்கு வழக்கமாக ஸ்கேன் எடுப்பதை மருத்துவ நெறிமுறைகள் பரிந்துரையாமை, அவர்களைக் கைவிட்டதனால் அன்று. தீங்கற்ற புள்ளிகள் நிழலாய்த் தோன்றி மேலும் மேலும் சோதனைகளுக்கு இழுத்தலாலேயே ஆம். இதனை எம் மாணாக்கர் முதலில் மருத்துவரின் அசட்டை என்று கருதியிருந்தார்.

பின்னதற்கு ஆவன யாவை? நோய் மீளுமோ என்னும் அச்சத்தைத் தனித்ததொரு துன்பமாகவே கொண்டு அந்நாட்டார் ஆராய்ந்திருக்கின்றனர். நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் மெலனோமா நீக்கப்பெற்ற 164 பேரை வைத்து நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சிறு நூலும் உளநூல் வல்லாருடன் மூன்று தொலைபேசி உரையாடலும் பெற்றவர்க்கு, ஆறு திங்கள் கழித்து அச்சம் குறைந்திருந்தது. சிட்னிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பில்லிஸ் பட்டோவும் அவர் குழுவினரும் 2017-இல் வெளியிட்டது மற்றொன்று. மார்பு, பெருங்குடல், தோல் ஆகிய இடங்களிற் புற்று நீங்கிய 222 பேரை இரு கூறாக்கி, ஒரு கூற்றினர்க்கு உடலைத் தளர்த்தும் பயிற்சி மட்டும் தந்தனர். மற்றவர்க்கு ஐந்து அமர்வுகளில் வேறு சில கற்பித்தனர். பின்னவர்க்கே அச்சம் மிகுதியாகக் குறைந்தது.

அவ்வேறு சிலவற்றுள் இரண்டு எம் மனத்தைக் கவர்ந்தன. அஞ்சுபவர் உள்ளத்தே மறைந்து கிடக்கும் ஒரு நம்பிக்கையை வெளிக்கொணர்தல் ஒன்று: 'நான் ஓயாது அஞ்சிக்கொண்டிருந்தால்தான் நோய் என்னை ஏமாற்றாது' என்பது அது. அச்சமே காவல் என்று எண்ணுவதால் அதனை விடவும் அஞ்சுகின்றனர். காவல் செய்வது குறித்த நாளின் சோதனை. இரவெல்லாம் விழித்தல் அன்று. இதனைக் கேட்டு எம் மாணாக்கர், 'என் உள்ளத்தை யாரோ ஒட்டுக்கேட்டது போலும்' என்று எழுதினார்.

மற்றொன்று கவனத்தைப் பயிற்றுதல். நாள்தோறும் சிறிது நேரம் அமர்ந்து, கடிகாரத்தின் ஒலி, தெருவின் ஓசை, பறவைக் குரல் எனப் பல ஒலிகளுள் ஒன்றினைப் பற்றி, விட்டு, மற்றொன்றிற்கு மாறி, பின்னர் எல்லாவற்றையும் ஒருங்கு கேட்டல். அச்ச நினைவை அடக்குதல் இதன் நோக்கமன்று. நினைவு வரினும் கவனம் அதன் அடிமையாகாமை பழகுதலே. இதனைப் படித்தபொழுது எமக்கு நகை வந்தது. செய்யுள் பாடிக்கொண்டே முதுகில் விழும் கல்லையும் மணியோசையையும் எண்ணிய நம் அவதானிகள் செய்தது வேறென்னை? கல்வித் திறங்காட்டும் வித்தையாக நாம் மறந்துவிட்டதை, கடல்கடந்தார் நோயாளர்க்கு மருந்தாக்கினர்.

உறக்கமும் தொழிலும் பல வாரம் கெடுமாறு அச்சம் மிகின், உளமருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். காலைக் காட்டியவர் மனத்தைக் காட்ட நாணுதற்குக் காரணமில்லை.

இனி, அஞ்சுதல் பத்திக்குறைவு என்ற அன்பரின் சொல். அவர் தீய எண்ணத்தோடு சொல்லியிரார். ஆயினும் நூலறியாது சொன்னார். திருநாவுக்கரசு நாயனார் சூலை நோயால் துடித்தபொழுது சமையற்காரனை விடுத்துத் தமக்கையாரைத் தேடியதையும், திருவதிகையில் இறைவன்முன் தம் வேதனையை ஒளியாது முறையிட்டதையும் பெரியபுராணம் கூறுகின்றது. அம்முறையீட்டை எவரும் குறைவென்றிலர். அதுவே திருமுறையாய்த் தொடங்கிற்று. திலகவதியார் செய்ததும் நோக்கத்தக்கது. தம்மையும் சமயத்தையும் விட்டு நீங்கி, நோய் வந்தபின் மீண்ட தம்பியை, 'ஏன் போனாய்?' என்று ஒரு சொல்லும் கடியாது, திருநீறு அளித்து அழைத்துச் சென்றார். நோயாளர் வீட்டிற்குச் செல்லும் நம் அன்பர்கள் வினைக்கணக்கு விரித்துரைக்குமுன் அவ்வம்மையாரை நினைத்தல் வேண்டும். உடம்பொடு கூடிய உயிர் உடம்பின் கேட்டிற்கு அஞ்சுதல் அதன் இயல்பு. யாமும் சென்ற ஆண்டு கண்ணறுவைக்கு முந்திய இரவு ஒரு கண நேரமும் உறங்கவில்லை; சித்தாந்தம் நாற்பதாண்டு பாடஞ்சொன்னவரே யாம்.

மாணாக்கரிடமிருந்து பங்குனியில் மறுகடிதம் வந்தது. அச்சம் போய்விட்டதென்று அவர் எழுதவில்லை. தடவுதல் இரவுதோறும் என்றிருந்தது ஞாயிற்றுக்கிழமை என்றாகி, இப்பொழுது திங்களின் முதல் நாளென்று நின்றிருக்கின்றதாம்; இடையில் இருமுறை தவறியதாம். அடுத்த சோதனை ஆனியில். கடிதத்தின் இறுதியில், சித்தியார் அளவை இயலில் ஐயக்காட்சிக்கும் திரிவுக்காட்சிக்கும் இடையே உரையாசிரியர்கள் காட்டும் வேறுபாட்டில் தமக்கு ஒரு மயக்கம் என்று நான்கு பக்கம் எழுதியிருக்கின்றார். அதற்கு விடை இனிமேல்தான் எழுத வேண்டும்.