பந்தாட்ட ஆசான் விங்காடா

ஆசிரியன் பெருமையை அவன் மாணாக்கர் எய்தும் வெற்றியைக் கொண்டு அளத்தல் உலக வழக்கு. அவ்வளவுகோல் எத்துணை நேரியது என்பதைக் கால்பந்தாட்டப் பயிற்சியாளர் ஒருவரது வரலாற்றைக் கொண்டு ஆராயப் புகுகின்றோம். அவர் போர்த்துக்கல் நாட்டினரான நெலோ விங்காடா என்பார்.

1953-ஆம் ஆண்டிற் பிறந்த அவர், கார்லோஸ் கெய்ரோஸ் என்பாருக்குத் துணைவராய் நின்று தம் நாட்டு இளைஞரைப் பயிற்றினார். அவ்வணி 1989-லும் 1991-லும் உலக இளைஞர் பட்டத்தைக் கைக்கொண்டது. பின்னர் அவர் கடல் கடந்தார். 1996-இல் அவர் பயிற்றிய சவூதி அரேபிய அணி, அபுதாபியில் ஆசியக் கோப்பையை வென்றது. 2003-04-இல் எகிப்தின் ஸமாலிக் கழகமும், 2010-இல் கொரியாவின் சியோல் கழகமும் அவர் காலத்தே தத்தம் நாட்டில் முதலிடம் பெற்றன.

இத்தகையார் 2016-இல் நம் நாடு போந்து, இந்தியன் சூப்பர் லீக் போட்டியில் குவகாத்தியின் நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணிக்குப் பயிற்சியாளரானார். அவ்வாண்டு டிசம்பர் 4-ஆம் நாள் கொச்சியில் நிகழ்ந்த ஆட்டத்தில் வென்றிருப்பின் அரையிறுதி கிட்டியிருக்கும். கேரளா பிளாஸ்டர்ஸ் அணியிடம் ஒரே கோலில் தோற்றமையால் அது கைநழுவிற்று. 2017-இல் மலேசிய அணியை ஏற்று, வெற்றி கைகூடாமல் அவ்வாண்டே நீங்கினார். ஊழின் விளையாட்டை என்னென்பது! 2019 ஜனவரியில், முன்பு தம்மை வீழ்த்திய கேரள அணிக்கே பயிற்சியாளராய் அதே கொச்சிக்கு வந்து சேர்ந்தார்.

ஆங்கு எஞ்சியிருந்தவை ஆறு லீக் ஆட்டங்களே. தொடர்ந்து பதினான்கு ஆட்டங்களில் வெற்றி காணாதிருந்த அவ்வணி, பிப்ரவரி 15-இல் சென்னை அணியை மூன்று கோல்களால் வென்றது. அவர்கீழ் அவ்வணி லீக்கிற் பெற்ற வெற்றி அஃதொன்றே; பத்து அணிகளுள் ஒன்பதாமிடமே வாய்த்தது.

சியோலில் ஓராண்டில் வாகை சூடியவர் கொச்சியில் வாடியது ஏன்? சியோல் அணியை அவருக்கு முன் துருக்கியரான செனோல் குனெஷ் மூன்றாண்டு பண்படுத்தியிருந்தார். பழுத்த தோட்டத்தில் விங்காடா புகுந்தார். கொச்சியிலோ ஆட்டக்காரரைத் தெரிந்தவர் வேறொருவர். போட்டியின் பெரும்பகுதியும் கழிந்திருந்தது. எவரை எவ்விடத்தில் நிறுத்துவது என்பதொன்றே புதியவரின் கையில் எஞ்சியது. தோல்வியனைத்திற்கும் காலக்குறையே காரணமென்று யாம் வாதிக்கவில்லை. வெற்றியனைத்தும் அவருடையனவே என்பதும் பொருந்தாதென்கின்றோம்.

போடிமெட்டுக்கு அப்பால் ஏலம் பயிரிடுவோர், நட்ட கன்றில் மூன்றாம் ஆண்டுக்கு முன் காய் தேடார். மலையடியிலுள்ள எம்மூராகிய பொட்டிபுரத்துச் சிறுவரும் இதனை அறிவர். பந்தாட்டக் கழகங்களோ சில திங்களிற் பறிக்கப் பார்க்கின்றன. ஆதலின், ஓர் ஆசானின் கோப்பைகளை எண்ணுமுன், அவர் எந்நிலத்தை ஏற்றார், எத்துணைக் காலம் உழுதார் என்று வினவுதல் வேண்டும். மைதானத்திலும் தேர்வுப் பட்டியலிலும் பிறரை எளிதில் எடைபோடும் எம்போன்ற மாணவர்க்கும் இது பொருந்தும்.