நங்கூரம் எதனால் பிடிக்கிறது?

1906-இல் கட்டப்பட்ட தேம்ஸ் சரக்குப் படகு ‘கேம்பிரியா’, 1970 வரை பாயை மட்டுமே நம்பிச் சரக்கு ஏற்றியது. இத்தகைய பழைய படகைப் புதுப்பிக்கும்போது பலகைக்கே பணம் கரைந்து, நங்கூரச் சங்கிலி கடைசிக்குத் தள்ளப்படுவது பெரும் தவறு. நங்கூரம் வெறும் எடையால் படகை நிறுத்துவதில்லை. கிடையாக இழுத்தால் அதன் நாக்கு சேற்றில் இன்னும் ஆழமாக இறங்கும். மேல்நோக்கி இழுத்தால் பெயர்ந்துவிடும். படகின் முகப்பிலிருந்து கடலடி வரையுள்ள உயரத்தைப்போல் இரு மடங்கு சங்கிலி விட்டால், விறைத்த நிலையில் அது கடலடியோடு உண்டாக்கும் கோணம் 30 பாகை. ஐந்து மடங்கு விட்டால் 12 பாகைகூட இல்லை. அதனால் கனமான நங்கூரம் மட்டும் போதாது. புயலில் சங்கிலியின் தொய்வு மறைந்துவிடுமே என்பது நியாயமான கேள்வி. மறையும்தான், அப்போதும் கோணத்தைத் தாழ்த்தி வைப்பது நீளமே. ஓதம் ஏறினால் உயரமும் கூடும் என்பதால், உச்ச நீர்மட்டத்தை வைத்தே கணக்கிட வேண்டும்.

தேய்மானத்தைப் பார்க்க வேண்டிய இடம் கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் உள்வளைவு. வெளியே துரு சுரண்டிப் பூசிய வண்ணம் அதைக் காட்டாது. நங்கூரத்தை இறக்கும்போது, சங்கிலியைச் சுற்றி இழுக்கும் உருளையின் பிடியிலிருந்து அதை விட்டு ஓடவிடுவதுதான் ஆபத்து: தொங்கும் நீளம் கூடக்கூட எடை கூடி, ஓட்டமும் வேகமெடுக்கும். அதைக் கையாலோ காலாலோ நிறுத்த முடியாது. எனவே இறக்குமுன் தடுப்புக் கொக்கியையும் பிரேக்கையும் சோதித்து, சங்கிலிச் சுருளுக்கு வெளியே நிற்க வேண்டும்.