கையொப்பமில்லாத குதிரைகள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த சிற்றூர்களில், கண்மாய்க் கரைகளிலும் கருவேலங்காட்டு ஓரங்களிலும் ஐயனார் முன் சுடுமண் குதிரைகள் நிற்கின்றன. அவை கலைப் படைப்புகளா என்ற கேள்வி ஊராருக்கு எழுவதில்லை. ஆனால், அத்தகைய குதிரை ஒன்று கப்பலேறி அயல்நாட்டுத் துறைமுகத்தில் இறங்கினால், அங்குள்ள சுங்க அதிகாரி அக்கேள்வியைக் கேட்டே தீர வேண்டும். அவருடைய விடையைப் பொறுத்தே வரி.

உலக சுங்க அமைப்பு வகுத்த பொருள் வகைப்பாட்டில் ஒவ்வொரு சரக்குக்கும் ஆறு இலக்க எண் உண்டு. 1975-ஆம் ஆண்டின் நமது சுங்கத் தீர்வைச் சட்டத்தின் அட்டவணையும் அதையே பின்பற்றி, எட்டு இலக்கமாக நீட்டிக்கொள்கிறது. அதில் சுடுமண் குதிரைக்கு இரண்டு இடங்கள் சாத்தியம். ஒன்று, 97-ஆம் அத்தியாயத்தின் 9703: எப்பொருளால் ஆனதாயினும் மூலச் சிற்பம். மற்றொன்று, 69-ஆம் அத்தியாயத்தின் 6913: மண்ணாலும் பீங்கானாலும் ஆன சிறுசிலைகள், அலங்காரப் பொருள்கள். 97-ஆம் அத்தியாயத்தின் குறிப்பு ஒன்று இரண்டுக்கும் இடையே வேலி கட்டுகிறது. பெருமளவில் செய்யப்படும் நகல்களும், வணிகத் தன்மையுள்ள மரபுக் கைவினைப் பொருள்களும், கலைஞரே வடிவமைத்திருந்தாலும்கூட, 9703-இல் சேரா.

வேலி தேவையில்லை என்று சொல்வதற்கில்லை. அது இல்லையெனில் பூந்தொட்டி வணிகரும் தம் சரக்கைச் சிற்பம் என்றே அறிவிப்பார். வேலி எங்கே நிற்க வேண்டும் என்பதே வழக்கு. 1926-இல் பிரான்குசியின் ‘வெளியில் பறவை’ என்ற வெண்கலப் படைப்பு நியூயார்க்கில் இறங்கியபோது, அதில் அலகும் சிறகும் காணாத அதிகாரிகள், சமையலறைச் சாமான்களும் மருத்துவமனைப் பொருள்களும் அடங்கிய இனத்தில் சேர்த்து 40 விழுக்காடு தீர்வை விதித்தனர். இயற்கை உருவை ஒத்திருப்பதே சிற்பம் என்று முந்தைய தீர்ப்பொன்று கூறியிருந்தது. 1928-இல் நீதிமன்றம் அந்த அளவுகோலைக் கைவிட்டுப் பறவைக்கு வரிவிலக்கு அளித்தது. ஆயினும், செய்தவர் தொழில்முறைச் சிற்பியா என்ற கேள்வியை அது கைவிடவில்லை. அமெரிக்கத் தீர்வை அட்டவணையில் 6913-இன் உட்பிரிவுகளில் ‘தொழில்முறைச் சிற்பிகள்’ என்ற சொற்றொடர் பின்னரும் இடம்பெற்றுள்ளது.

ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அதன் 2006-ஆம் ஆண்டு மதிப்புக் கூட்டு வரி நெறியுரை, ‘முற்றிலும் கலைஞராலேயே செய்யப்பட்டு, அவரால் கையொப்பமிடப்பட்ட’ தனித்தனி மட்கலைப் பொருள்களைக் கலைப் படைப்பு என்கிறது. பிரான்ஸில் இறக்குமதியாகும் கலைப் படைப்புக்கு இவ்வரி 5.5 விழுக்காடு, ஏனையவற்றுக்குப் பொதுவாக 20. ஆயிரம் யூரோ மதிப்புள்ள குதிரைக்குக் கையொப்பம் இருந்தால் 55 யூரோ, இல்லாவிட்டால் 200. சுங்கத் தீர்வை தனிக்கணக்கு.

நம் குதிரைகள் உருவாகும் முறையை இந்த வாசகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். புரவி எடுப்புக்கு நாள் குறித்ததும் ஊரார் வேளாரிடம் பிடிமண் கொடுப்பர். மண் மிதிப்பது முதல் சூளை அடுக்குவது வரை குடும்பமே உழைக்கும். உருளையாய் வனைந்த கால்களின்மேல் உடலும் கழுத்தும் கையாலேயே ஏற்றப்படும். அச்சு இல்லை, ஆகவே ஒரு குதிரையின் முகம் மற்றொன்றில் வராது. கண் திறந்து ஐயனார் முன் இறக்கியபின் அது தெய்வத்தின் உடைமை. செய்தவர் பெயரைப் பொறிக்கும் வழக்கம் இல்லை. ஆக, ‘முற்றிலும் கலைஞராலேயே’ என்பதும் பொருந்தவில்லை. ‘கையொப்பம்’ என்பதும் பொருந்தவில்லை. நூறாண்டைக் கடந்த தொல்பொருள்களுக்கான 9706-உம் இதற்கு உதவாது. மழையில் கரைந்து, அடுத்த எடுப்புக்கு இடம்விடுவதற்காகவே படைக்கப்பட்ட குதிரை அத்தனை காலம் நிற்பது அரிது.

உள்நாட்டில் நாம் இதைவிட நுட்பமாக நடந்துகொண்டுவிடவில்லை. சரக்கு, சேவை வரியில் களிமண் தெய்வ உருவங்களுக்கும் மண்பானை, அகல்விளக்குகளுக்கும் வரி இல்லை. நல்லதே. ஆனால் இச்சலுகை குயவரின் வறுமைக்கும் வழிபாட்டுக்கும் தரப்பட்டது என்பதே என் கருத்து, கலைக்கென்று தரப்படவில்லை. மேற்கூறிய அத்தியாயக் குறிப்பு நமது தீர்வை அட்டவணையிலும் உள்ளது. அயல்நாட்டு மட்கலைஞர் ஒருவரின் படைப்பும், மரபுவழிக் குயவரின் படைப்பும் சென்னைத் துறைமுகத்தில் ஒருசேர இறங்கினால், நம் அதிகாரியும் அதே அளவுகோலைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

அச்சில் வார்த்ததா, கையால் ஒவ்வொன்றாக எழுப்பியதா என்பதே சரியான சோதனை. மண்ணில் அதைக் கண்டறிவது கடினமன்று. அச்சின் இணைப்புக் கோடும் விரல் தடமும் எளிதில் வேறுபடும். வகைப்பாட்டு முறை குறிப்பிட்ட கால இடைவெளியில் திருத்தப்படுகிறது. அடுத்த பதிப்பு 2028-இல் நடைமுறைக்கு வரவுள்ளது. அதற்குப் பிந்தைய திருத்தத்திலேனும் ‘மரபுக் கைவினை’ என்ற சொல்லை மறுபரிசீலனை செய்யுமாறு, உலக சுங்க அமைப்பின் உறுப்பு நாடான இந்தியா கோரலாம். அதுவரை, ஏற்றுமதிப் பட்டியலில் ‘மண் பொம்மை’ என்று எழுதி முடித்துவிடாமல், செய்தவர் பெயர், ஊர், செய்த மாதம், அச்சில்லாமல் செய்த விவரம், படங்கள் ஆகியவற்றை வணிகர்கள் இணைக்கலாம்.

சூளைக்கு முன், ஈரம் உலராத வயிற்றுப் பகுதியில் ஓர் எழுத்தைக் கீறவும் முடியும். கோயிலுக்குச் செய்வதில் பெயர் எழுதாத வேளார், கப்பலுக்குச் செய்வதில் அதற்கு இசைவாரா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.