வீட்டில் பீர் போடுகிறவர்களுக்கு: வெயில், விஷம், வழக்கு

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கால் டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டபோது, யூடியூப் பார்த்துக் குக்கரில் சாராயம் காய்ச்சியவர்கள் கைதான செய்திகள் அடுத்தடுத்து வந்தன. கடைகள் திறந்துவிட்டன, ‘நாமே செய்து பார்ப்போமே’ என்கிற எண்ணம் மட்டும் சிலரிடம் தங்கிவிட்டது. கடலூரிலோ சிதம்பரத்திலோ வாடகை அறையில் 20 லிட்டர் தண்ணீர் கேனை வைத்துக்கொண்டு பீர் போட நினைக்கும் இளைஞருக்கு முதலில் எழும் சந்தேகம் இதுதான்: இந்தப் புழுக்கத்தில் அது விஷமாகிவிடுமா?

ஆகாது. ஆனால் லாகரும் ஆகாது.

கடைகளில் விற்கும் பீரில் பெரும்பாலானவை லாகர். அதற்குரிய ஈஸ்ட் ஏறக்குறைய 8 முதல் 13 டிகிரி செல்சியஸ் குளிரில் நிதானமாக வேலை செய்யும். பிறகு உறைநிலையை ஒட்டிய குளிரில் பல வாரம் கிடந்துதான் பீர் தெளியும். கடலூரின் கத்திரி வெயிலில் காற்றோட்டமில்லாத அறை நள்ளிரவிலும் 30 டிகிரியை விட்டு இறங்காது. ஈரச் சாக்கைச் சுற்றினாலும் கடற்காற்றின் ஈரப்பதத்தில் அது எளிதில் காயாது. ஈரம் ஆவியாகாவிட்டால் கேன் குளிராது. போதாததற்குப் புளிக்கும்போது உள்ளேயே சூடு பிறந்து இன்னும் சில டிகிரி ஏறும். மே மாதத்தில் இட்லி மாவு பொங்கி வழிவதுபோல ஈஸ்ட் ஒரே நாளில் கொந்தளித்து அடங்கிவிடும். மிஞ்சுவது வாழைப்பழ வாசனை, நெயில் பாலிஷ் நெடி, தொண்டையைக் காந்தும் ஒருவகைக் காரம். பாக்டீரியா புகுந்தால் புளிப்பும் சேரும்.

இந்தக் கட்டத்தில் உடம்புக்கு வரும் நேரடி ஆபத்து பாட்டிலில்தான் இருக்கிறது. சர்க்கரை முழுதும் தீராமல் மூடி போட்டால் உள்ளே வாயு அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். வெப்பம் அதை விரட்டும். ஒருநாள் கண்ணாடி வெடித்துச் சிதறும். கண்ணில் பாய்ந்த சில்லுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. கண்ணைக் கசக்காமல், சில்லைப் பிடுங்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இனிச் சொல்லப்போவதை ஊன்றிப் படியுங்கள். மால்ட்டில் செய்யும் பீரில் மெத்தனால் மிகச் சொற்பம். சூட்டில் புளித்தாலும் அது கொல்லும் அளவுக்கு உயராது. உயிரைப் பறிப்பது வெளியிலிருந்து கலக்கப்படும் தொழிற்சாலை மெத்தனால். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோரையும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோரையும் அதுதான் கொன்றது. இதே கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டிப் பகுதியில், 2001 நவம்பரில் கள்ளச்சாராயம் குடித்து 50-க்கும் அதிகமானோர் இறந்ததை இன்றைய இளைஞர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

‘சரியாகப் புளிக்காததுதான் விஷம்’ என்று நம்புகிறவர், நன்றாக வடித்தது என்று யாரோ கொடுக்கும் பாக்கெட்டைப் பயமின்றி வாங்கிக் குடிக்கிறார். தான் போட்ட பீர் சப்பென்று இருக்கிறதே என்று ஸ்பிரிட்டையோ சானிடைசரையோ ஊற்றுகிறார். மெத்தனாலை வாசனையாலோ ருசியாலோ கண்டுபிடிக்க முடியாது. 10 மில்லி பார்வையைப் பறிக்கலாம். 30 மில்லி உயிரையே எடுக்கலாம்.

அதன் வஞ்சகம் தாமதத்தில் இருக்கிறது. முதலில் சாதாரணப் போதைதான் தெரியும். 12 முதல் 24 மணி நேரம் கழித்தே வயிற்றுவலி, வாந்தி, மூச்சுத்திணறல், பனிமூட்டத்துக்குள் பார்ப்பதுபோல் மங்கும் பார்வை எல்லாம் வரும். அதற்குள் கல்லீரல் மெத்தனாலை ஃபார்மிக் அமிலமாக மாற்றியிருக்கும். கண் நரம்பை எரிப்பது அந்த அமிலம். ‘தூங்கினால் சரியாகிவிடும்’ என்று மோரும் எலுமிச்சைச் சாறும் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மீதி இருந்தால் பாட்டிலோடு கொண்டுபோங்கள். மாற்று மருந்தும் டயாலிசிஸும் உண்டு, நேரத்தில் போனால். கூடக் குடித்தவர்கள் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் அவர்களையும் அழைத்துப் போங்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்கிற பயத்தில்தான் பலர் தாமதிக்கிறார்கள். வழக்கு என்ற காரணத்துக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது, முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அரசு மருத்துவமனைக்கும் தனியார் மருத்துவமனைக்கும் அது பொருந்தும்.

வழக்கு உண்டா என்றால், உண்டு. 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின்கீழ் உரிமமில்லாமல் மது தயாரிப்பது குற்றம். விற்கவில்லை, எனக்காகத்தான் செய்தேன் என்பதெல்லாம் எடுபடாது. தயாரிப்பதற்கான பாத்திரமும் பொருளும் வைத்திருப்பதும், தெரிந்தே இடம் கொடுப்பதும் அதே வலையில் வரும். வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டும். கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனை வரைக்கும் 2024-இல் சட்டம் கடுமையாக்கப்பட்டது. ஆல்பேட்டை சோதனைச் சாவடியைத் தாண்டினால் புதுச்சேரி. அங்கே சட்டம் வேறு. அங்கே சுலபமாகக் கிடைப்பதால் இங்கே கொண்டுவருவது குற்றமில்லை என்று ஆகாது.

பிடிபட்டாலும் உரிமைகள் பறிபோவதில்லை. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, வீட்டுச் சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. அந்தப் பதிவைக் கேட்கத் தயங்காதீர்கள். காவலில் இருப்பவர்களுக்கும் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. அதற்குக் கடலூரில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ, சிதம்பரம் நீதிமன்றத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவையோ அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பக்கத்தில் யாராவது சாராயம் விற்பது தெரிந்தால் மதுவிலக்கு அமலாக்கப் பிரிவின் கட்டணமில்லா எண் 10581.